சென்னையில் மூன்று நாள்: ஓவியம் பழகும் மகளுக்கு எதைக் காட்டுவது?

கேள்வி: எங்களுக்கு மண்டபம். மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். கவின்கலைக் கல்லூரியில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஆனால் அவள் இதுவரை பார்த்த ஓவியங்கள் எல்லாம் கைபேசித் திரையில் பார்த்தவைதான். எங்கள் பக்கத்தில் பார்ப்பதற்கும் ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையில் உறவினர் திருமணம். புதன் இரவு ரயில் ஏறினால் வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாட்கள் கையில் இருக்கும். எந்த அருங்காட்சியகம், எந்தக் கலைக்கூடம் பார்க்கலாம்? நானோ அவள் அப்பாவோ ஓர் ஓவியக் கண்காட்சிக்குள் காலெடுத்து வைத்ததில்லை. எங்களை உள்ளே விடுவார்களா?
– ஒரு தாய், மண்டபம்

பதில்: முதலில் அந்த வெள்ளிக்கிழமையைச் சரிசெய்துவிடுவோம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் அதே நாள்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புவது பெரும்பாலும் அன்றைக்குத்தான். ஆகவே வியாழன் எழும்பூர், வெள்ளி கிழக்குக் கடற்கரைச் சாலை, சனி நகருக்குள் இருக்கும் கூடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்தான் விடுமுறை. அதனால் உங்கள் வெள்ளிக்கிழமைக்குக் குறுக்கே வராது.

ஆனால் ரயில் ஏறுவதற்கு முன்பு ஒரு முற்பகலை ராமநாதபுரத்துக்குக் கொடுங்கள். "எங்கள் பக்கத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அரண்மனைப் பகுதியில் துணியும் மளிகையும் வாங்கிக்கொண்டு ராமலிங்க விலாசத்தின் வாசலைக் காலமெல்லாம் கடந்து போனவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். உள்ளே போனவர்கள் எத்தனை பேர்?

கிழவன் சேதுபதி காலத்து அரண்மனை அது. அதன் சுவர் ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பட்டவை. சுவர், தூண், வளைவு, விதானம் என்று இடம் விடாமல் வரைந்திருக்கிறார்கள். ராமாயணமும் பாகவதமும் இருக்கின்றன. அவற்றோடு மன்னரின் அன்றாடமும் இருக்கிறது. சேதுபதி ஐரோப்பியரை அரசவையில் சந்திக்கிறார். தஞ்சை மராத்தியரோடு போர் நடக்கிறது. ராஜராஜேஸ்வரி அம்மன் அவருக்குச் செங்கோல் அளிக்கிறாள். நாயக்கர் கால ஓவிய மரபில் இவ்வளவு ஒரே இடத்தில், அதுவும் கோயிலுக்கு வெளியே அரண்மனைக்குள் மிஞ்சியிருப்பது அபூர்வம். இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கும் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

அந்தச் சுவர்முன் மகள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். கதையைத் தேடிக்கொண்டு சுவர் சுவராக நடக்க வேண்டாம். ஒரே ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு பணிப்பெண் போதும், ஒரு குதிரைக்காரன் போதும். அந்த உருவத்தின் வெளிக்கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, இடுப்பு மடிப்பில் எப்படித் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்து வரையட்டும். இந்த ஓவியங்களில் ஒளியும் நிழலும் காட்டி உருவத்தைத் திரட்டும் பழக்கம் கிடையாது. எல்லா வேலையையும் கோடுதான் செய்கிறது. முகம் பக்கவாட்டில் இருந்தாலும் கண் முழுதாக விழித்துக்கொண்டிருக்கும். ஏன் அப்படி என்று அவளே யோசிக்கட்டும். நீங்கள் விடை சொல்ல வேண்டாம், நானும் சொல்லப்போவதில்லை.

சில இடங்களில் வண்ணம் பொரிந்து உதிர்ந்திருக்கும். அதைப் பார்த்து வருத்தப்படுவதோடு நிறுத்திவிடாமல் காரணத்தையும் அவளுக்குச் சொல்லுங்கள். கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு சுண்ணாம்புப் பூச்சுக்குள் இறங்குகிறது. ஈரம் காயும்போது உப்பு படிகமாகிப் பருத்து, பூச்சை உள்ளிருந்தே நெட்டித் தள்ளுகிறது. பாம்பன், மண்டபம் பக்கத்து வீடுகளில் சுண்ணாம்பு பொரிவதும் இதனால்தான். கையால் தொடக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, ஃப்ளாஷ் போடக் கூடாது என்று காவலர் சொல்வது வெறும் அதிகாரம் அல்ல.

இன்னும் நேரம் இருந்தால் கீழக்கரை பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்க்க அனுமதி கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கோயில் தூண் செதுக்கும் அதே கைத்திறன் அங்கே உருவங்களை விட்டுவிட்டு, பூவும் கொடியும் வடிவங்களுமாக மாறியிருக்கிறது. அலங்கார வடிவமைப்பு படிக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் சென்னையில் கிடைக்காது. தொழுகை நேரம் தவிர்த்து, பள்ளிவாசல் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு செல்லுங்கள்.

இப்போது சென்னை. உங்கள் ரயில் எழும்பூர் வரை போகிறதா, தாம்பரத்தோடு நிற்கிறதா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தாம்பரம் என்றால் மின்சார ரயிலில் எழும்பூருக்கு வந்துவிடலாம். பாந்தியன் சாலை அருங்காட்சியகம் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். காலை 9.30 மணிக்குத் திறக்கிறார்கள். குளித்துச் சாப்பிட்டுவிட்டு வர நேரம் இருக்கிறது.

1851இல் தொடங்கிய அந்த வளாகம் பெரியது. விலங்கு, பாறை, நாணயம், ஆயுதம் என்று எல்லாம் உண்டு. திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுக் களைத்துப்போன பிறகு சிலைகளின் பக்கம் வரும் குடும்பங்களை அங்கே நிறையப் பார்க்கலாம். மன்னார் வளைகுடாக்காரர்களான உங்களுக்குத் திமிங்கிலம் பெரிய புதுமை அல்ல. நேராகச் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போங்கள். வியாழன் முற்பகல் முழுவதும் அங்கேயே போகட்டும்.

மூன்றே மூன்று திருமேனிகளைச் சொல்கிறேன். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் ஒன்று. ஆண் பக்கம் இரண்டு கைகள், பெண் பக்கம் ஒரு கை. சமச்சீர் இல்லாத உடலை எப்படி நிலையாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று மகள் கால்விரலிலிருந்து தலைவரை பார்க்கட்டும். அடுத்தது திருவாலங்காட்டு நடராசர். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் சென்னை அருங்காட்சியகத்து நடராசரைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்தே மயங்கிக் கட்டுரை எழுதினார். உங்கள் மகளோ இரண்டடி தூரத்தில் நிற்கப்போகிறாள். மூன்றாவது, வடக்குப்பனையூரில் கிடைத்த ராமர் குழு. சேதுக்கரைக்காரர்கள் இதைப் பார்க்காமல் வரக் கூடாது. ராமன் கையில் வில் இல்லை. ஆனால் விரல்களும் தோளும் இடுப்பின் சாய்வும் வில்லைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இந்தத் திருமேனிகள் மெழுகு வார்ப்பில் செய்தவை. மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் களிமண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். குளிர்ந்ததும் மண்ணை உடைத்துவிடுவார்கள். அச்சு மறுபடி கிடைக்காது என்பதால் இரண்டு திருமேனிகள் அச்சு அசலாக இருக்க முடியாது. முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கண்ணாடிப் பேழையைச் சுற்றிப் போக முடிந்த இடத்தில் எல்லாம் பின்புறத்தையும் பாருங்கள். முதுகில் தொங்கும் சடையும் மாலையும் முன்பக்கத்தைப் போலவே முழுமையாக இருக்கும். கோயிலில் அலங்காரத்துக்குள் மறைந்திருக்கும் முதுகை அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும்.

மாலையில் கால் தாங்கினால் அமராவதிச் சிற்பங்களைப் பார்க்கலாம். ஆந்திரத்து பௌத்தத் தூபியிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் பலகைகள் அவை. சின்னச் சதுரத்துக்குள் ஒரு கூட்டத்தையே அடைத்து, ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் வைத்திருக்கிறார்கள். அதே வளாகத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909இல் திறந்த சிவப்புக் கட்டடம்தான் தேசியக் கலைக்கூடம். ரவி வர்மா ஓவியங்கள் அதன் சேகரிப்பைச் சேர்ந்தவை. அந்தக் கட்டடம் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. ரவி வர்மா இப்போது எங்கே காட்சியில் இருக்கிறார் என்று டிக்கெட் கொடுப்பவரிடமே கேட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் வெயில் ஏறுமுன் முட்டுக்காட்டுக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்குங்கள். தட்சிணசித்ராவில் தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். தற்காலக் கலைக் கண்காட்சிகளும் நடக்கும். நல்ல இடம்தான், ஆனால் உங்கள் நோக்கத்துக்கு அது பாதி நாள் போதும். ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம்தான் வெள்ளிக்கிழமையின் சாரம்.

1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உருவாக்கிய கிராமம் அது. துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலையும் மற்றக் கைவினைகளும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் அன்றே கண்ட ஒரு விடை அந்த ஊர். அங்குள்ள அருங்காட்சியகத்தில் சென்னை ஓவிய இயக்கத்தைச் சேர்ந்தவர்களின் படைப்புகள் இருக்கின்றன. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்கள் முதல் பார்வையில் சாதகக் கட்டமும் கணக்கு நோட்டும் கலந்ததுபோல் தெரியும். "புரியவில்லை" என்று நகர்ந்துவிட வேண்டாம். ராமநாதபுரத்துச் சுவரில் வரைந்த நோட்டை அங்கே திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஓவியத்தைப் படித்துத் தேர்ந்தவர்கள், நம் கோடு எங்கே போயிற்று என்று தேடித் திரும்பியதன் விளைவு அந்தப் படங்கள். ஜானகிராமும் நந்தகோபாலும் உலோகத்தில் செய்த சிற்பங்களிலும் அதே தேடல்தான். கோயில் கவசத்தை நினைவூட்டும் தகடுகளை அடையாளம் காண உங்களுக்கு எந்தப் பாடப் புத்தகமும் தேவைப்படாது.

சனிக்கிழமை விடியலில் மெரினாவுக்குப் போங்கள். உழைப்பாளர் சிலை. டிக்கெட் கிடையாது, விடுமுறை கிடையாது. அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் உங்கள் மகள் சேர விரும்பும் சென்னைக் கவின்கலைக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். பாறையை நெம்பும் நால்வரின் முதுகும் தொடையும் குதிகாலும் எப்படி இறுகுகின்றன என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கட்டும். ஊருக்குத் திரும்பியதும் கரைவலை இழுக்கும் இடத்தில் உட்கார்ந்து, இழுப்பவர்களை அதே கோணங்களில் வரையட்டும். நுழைவுத் தேர்வுக்கு அசையும் மனித உடலை வரைந்து பழகியவர்களுக்கும் புகைப்படத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டே கோடுகளில் தெரிந்துவிடும்.

பிறகு பெரியார் சாலையில் அந்தக் கல்லூரியை வெளியிலிருந்தாவது காட்டிவிடுங்கள். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளி அது. கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. மண்டபத்திலிருந்து அது பக்கம், செலவும் குறைவு. இரண்டுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

மிச்ச நேரத்துக்கு கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி. இன்று வரைந்துகொண்டிருப்பவர்களின் கண்காட்சிகள் மாறி மாறி அங்கே நடக்கும். தனியார் கூடங்கள் பல ஞாயிற்றுக்கிழமை மூடியிருப்பதாலும் சனியே சரி.

உள்ளே விடுவார்களா என்று கேட்டீர்கள். விடுவார்கள். தனியார் கூடங்களில் பெரும்பாலும் நுழைவுக் கட்டணம்கூட இல்லை. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், ஆங்கிலம் பேசும் ஒருவர் மேசைக்குப் பின்னால்: பயமுறுத்துவது இவ்வளவுதான். வணக்கம் சொல்லுங்கள், "மகள் ஓவியம் படிக்கப் போகிறாள், பார்க்கலாமா?" என்று தமிழிலேயே கேளுங்கள். வருகைப் பதிவேடு இருந்தால் கையெழுத்திடுங்கள். வாங்கச் சொல்லி யாரும் நெருக்க மாட்டார்கள். விலைப்பட்டியலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதில் கூச்சம் வேண்டாம். ஒரு படத்துக்கு இங்கே என்ன விலை சொல்கிறார்கள் என்று அந்தத் தொழிலுக்கு வரப்போகும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓவியர் அங்கேயே இருந்தால் இன்னும் நல்லது. "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் அவர் நெளிவார். "எதில் வரைந்தீர்கள், எவ்வளவு நாள் ஆயிற்று?" என்று கேட்டால் விடாமல் பேசுவார்.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: கோடு போடாத சிறு நோட்டு, இரண்டு பென்சில், சீவினால் குப்பை சிந்தாத சீவி. பேனாவும் வண்ணமும் வேண்டாம். படைப்புகளுக்கு அருகில் அவற்றை எங்குமே விரும்ப மாட்டார்கள். பையை வாசலில் வைக்கச் சொன்னால் நோட்டை மட்டும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் விதி இடத்துக்கு இடம் மாறும், சில இடங்களில் தனிக் கட்டணம் உண்டு. என் விருப்பம், வரைந்து முடிக்கும்வரை கைபேசி உங்கள் பையில் இருக்கட்டும். பிறகு அவள் எடுக்கும் படம் நினைவுக்குப் பதிலாக அல்லாமல், சரிபார்க்கப் பயன்படும்.

திருமணம் முடிந்து மதுரை வழியாகத் திரும்புவதாக இருந்தால், ராமநாதபுரம் சாலையில் சிலைமானுக்கு அருகே கீழடி அருங்காட்சியகம் வருகிறது. பானை ஓட்டில் கீறிய எழுத்தையும் குறிகளையும் அங்கே நேரில் பார்க்கலாம். வாராந்திர விடுமுறை நாளைக் கேட்டுக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் இறங்க முடியுமா என்று பாருங்கள்.