பழனி நடைக்குத் தலையணை: உறை மட்டும் போதுமா?

திண்டுக்கல்லில் எங்களுக்கு மெத்தை, தலையணை தைக்கும் கடை. தை பிறந்ததும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடந்துபோகிறவர்கள் நத்தம் வழியாக வந்து எங்கள் தெருவைத் தாண்டித்தான் போவார்கள். அவர்களில் சிலர் கழுத்தைத் தடவிக்கொண்டே படியேறி, "சின்னதா ஒரு தலையணை இருக்கா அண்ணே?" என்று கேட்பது வருஷாவருஷம் நடப்பது. பாதி வழி வந்த பிறகு கேட்டால் நான் என்ன செய்ய? நானும் பதினோரு தடவை நடந்தவன். இந்த முறை கிளம்புவதற்கு முன்பே கேட்டவர்களுக்குப் பதில் எழுதிவிடுகிறேன்.

முதல் தடவையாகப் பழனிக்கு நடக்கிறேன். வழியில் ஐந்து இரவு. எல்லாம் முதுகுப்பையில்தான். காற்றடிக்கும் தலையணையா, ஃபோமா, இலவம்பஞ்சா? எது நல்லது? (காரைக்குடி வாசகர்)

எடையை மட்டும் பார்த்தால் காற்றுத் தலையணைதான். நல்லதாக வாங்கினால் 60 முதல் 120 கிராம். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். நடைப்பயணத்துக்கென்று விற்கும் ஃபோம் தலையணை 200, 300 கிராம் வரும். எடையைவிட அது அடைக்கும் இடம்தான் தொல்லை. எவ்வளவு இறுக்கிச் சுருட்டினாலும் ஒரு பெரிய செம்பு அளவுக்கு இருக்கும். வீட்டு இலவம்பஞ்சுத் தலையணை ஒரு கிலோவைத் தொட்டுவிடும். இலவம்பஞ்சு நான் விற்கும் சரக்கு, அதைக் குறை சொல்ல மாட்டேன். அதன் இழை உள்ளே வெற்றுக்குழல், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீர் எளிதில் ஏறாது என்பதால்தான் ஒரு காலத்தில் கப்பலில் மிதவைச் சட்டைக்குள்கூட இதை அடைத்தார்கள். ஆனால் பையில் அமுக்கி அமுக்கி எடுத்துப்போனால் கட்டி தட்டிவிடும். அது வீட்டிலேயே இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் மூன்றுமே வேண்டாம். உறை ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து 16 அங்குல நீளம், 12 அங்குல அகலத்தில் தைத்தால் போதும். ஜிப், பட்டன் எதுவும் கூடாது, கன்னத்தில் குத்தும். ஒரு பக்கத் துணியை நாலு அங்குலம் நீளமாக விட்டு உள்ளே மடித்துவிட்டால் அடைத்தது வெளியே வராது. ஐம்பது கிராம்கூட இருக்காது. தையல்காரரிடம் கொடுத்தால் பத்து நிமிஷ வேலை; நான் இதற்குக் காசு வாங்குவதில்லை.

உள்ளே அடைக்க மாற்று வேட்டி, ஒரு சட்டை, ஒரு துண்டு இருக்கின்றன. எப்படியும் அவற்றைச் சுமக்கத்தானே போகிறீர்கள்? அடைப்பதில் மட்டும் ஒரு முறை உண்டு. துண்டை இறுக்கமாகச் சுருட்டிக் கழுத்து வரும் ஓரத்தில் வையுங்கள். மீதித் துணியைத் தளர்வாக மடித்து அதற்குப் பின்னால் வையுங்கள். தாங்கல் வேண்டியது கழுத்துக்கு. மண்டைக்குக் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் சரி. எல்லாவற்றையும் ஒரே உருண்டையாகத் திணித்தால் தலை நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் உருளும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தை மாதப் பனி. முதல் வருஷம் நான் போர்வையையும் தலையணைக் கணக்கில் சேர்த்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குக் குளிர் தாங்காமல் தலைக்கடியிலிருந்து அதை உருவிப் போர்த்திக்கொண்டு, விடியும்வரை கையை மடக்கி வைத்துப் படுத்தேன். அதனால் போர்த்துவது, காதைச் சுற்றிக் கட்டுவது, துவைத்து இன்னும் காயாதது, இந்த மூன்றையும் தள்ளிவிட்டு மீதி என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே அடைத்துப் பாருங்கள். உறை சப்பையாக இருந்தால், சரி, காற்றுத் தலையணை வாங்குங்கள். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தம் எடுத்து நடப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அந்த வெக்கையில் போர்வையே சும்மாதான் கிடக்கும்.

வீட்டில் எந்தத் தலையணையும் எனக்கு ஒத்துக்கொள்ளும். மண்டபத் தரையில் படுத்தால் மட்டும் காலையில் கழுத்து திரும்புவதில்லை. ஏன்? (மேலூர்)

நீங்கள் ஒருக்களித்துப் படுப்பவராக இருப்பீர்கள். மெத்தையில் படுத்தால் தோள் கொஞ்சம் உள்ளே அமுங்கும். தலைக்கும் மெத்தைக்கும் இடையே உள்ள பள்ளம் குறையும். சிமெண்டுத் தரையில் தோள் அப்படியே நிற்கும், பள்ளம் அதிகமாகும். வீட்டில் போதுமான உயரம் தரையில் போதாது, தலை தொங்கிவிடும். நடைக்குச் சின்னத் தலையணை போதும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். நீள அகலத்தைக் குறைத்துக்கொள்ளலாம், உயரத்தைக் குறைக்க முடியாது.

வீட்டுத் தரையில் ஒரு பாய் விரித்துச் சோதித்துப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது மூக்கு நெஞ்சுக்குழிக்கு நேராக வர வேண்டும். மல்லாந்து படுத்தால் பார்வை உச்சிக் கூரைக்கு நேராகப் போக வேண்டும்; முகவாய் நெஞ்சைத் தொடவும் கூடாது, அண்ணாந்தும் போகக் கூடாது. யாரையாவது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள், நமக்கே தெரியாது. கிளம்புவதற்கு முன் நாலு ராத்திரி அப்படியே தூங்கிப் பழகிவிட்டால் வழியில் புதிதாக ஒன்றும் வலிக்காது.

காற்றுத் தலையணை வாங்கினேன். இரவெல்லாம் வழுக்குகிறது. விடியற்காலையில் தளர்ந்தும் போகிறது. ஓட்டையா? (சிவகங்கை)

தளர்ந்தால் ஓட்டை என்று அர்த்தமில்லை. வாயால் ஊதும் காற்று உடம்புச் சூட்டில் உள்ளே போகிறது. பனி இறங்கியதும் குளிர்ந்து சுருங்குகிறது. படுக்கும் முன் இன்னொரு தடவை ஊதிக்கொள்ளுங்கள். ஆனால் திண்ணென்று ஊதாதீர்கள். முக்கால் அளவுதான் கணக்கு. முழுக்க ஊதினால் பந்தின் மேல் தலையை வைத்த மாதிரி துள்ளும், ஒட்டுப்போட்ட ஓரமும் சீக்கிரம் விட்டுப்போகும்.

வழுக்குவதற்கு மேலே சொன்ன பருத்தி உறையே மருந்து. தலையணையை அதற்குள் போட்டுவிடுங்கள், வியர்வையும் ஒட்டாது. தலையில் நல்லெண்ணெய் வைப்பவர்களுக்கு உறை கட்டாயம், எண்ணெய் பட்டுப்பட்டு அந்தப் பூச்சு பிசுபிசுத்துப் போகும். ஊர் திரும்பியதும் மூடியைத் திறந்து நிழலில் ஒரு நாள் போட்டு வையுங்கள். ஊதிய மூச்சின் ஈரம் உள்ளேயே நின்றால் பூசணம் பிடித்து அடுத்த வருஷம் நாறும்.

நிஜமாகவே ஓட்டை விழுந்துவிட்டால்? சைக்கிள் கடையில் ஒட்டலாமா?

நிற்காது. சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் ரப்பர் டியூப்புக்கானது, பிளாஸ்டிக்கில் உரிந்துவிடும். சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி வரும் இடத்தில் ஓட்டை. நன்றாகத் துடைத்துக் காயவைத்து அகலமான டேப்பை ஒட்டுங்கள், இரண்டு ராத்திரி ஓடும்.

வயது 63. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேண்டுதல், நடந்தே ஆக வேண்டும். உறையில் துணி அடைத்தால் போதுமா? (தேவகோட்டை வாசகி)

உங்களுக்கு மட்டும் என் உறைக் கதை வேண்டாம் அம்மா. வீட்டில் எந்தத் தலையணையில் வலியில்லாமல் தூங்குகிறீர்களோ, அதன் உயரம்தான் வழியிலும் வேண்டும். துணி அடைத்தால் ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வோர் உயரம் வரும். அது ஃபோமாக இருந்தால் நீளத்தில் பாதியை வெட்டித் தைத்துக்கொள்ளலாம். தலை நிற்கும் இடம் அவ்வளவுதான், எடையும் பாதியாகும். மெமரி ஃபோம் என்றால் யோசியுங்கள். அது கனம், குளிரில் விறைத்தும் போகும். கையில் மரமரப்போ, விரலில் உணர்ச்சிக் குறைவோ இருந்தால் தலையணை வாங்கும் முன் டாக்டரைப் பாருங்கள். முதுகில் பை மாட்டி நடக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

எங்கள் குழுவில் சாமான் வண்டி வருகிறது. பிறகு எடையைப் பற்றி என்ன கவலை?

வண்டி வந்தால் கவலையில்லை. ஒரு வருஷம் எங்கள் வண்டி ஒட்டன்சத்திரம் தாண்டிப் போய் நின்றுகொண்டது. நாங்கள் அதற்கு முந்தைய மண்டபத்தில் வெறுந்தரையில் கிடந்தோம். வண்டியில் மெத்தையே போட்டு அனுப்புங்கள், உறையும் துண்டும் மட்டும் தோளில் இருக்கட்டும்.

பையையே தலைக்கு வைத்துக்கொள்ளலாமே? பணமும் பத்திரமாக இருக்கும்.

அசந்து தூங்குபவன் தலைக்கடியிலிருந்து எதையும் உருவலாம். பணமும் போனும் இடுப்புப் பையில் இருக்கட்டும். பையின் ஜிப்பும் வாரும் காதில் குத்தும் என்பது வேறு விஷயம். தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைப்பது அதைவிட மோசம், உருண்டுகொண்டே இருக்கும்.

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன். பெருவழியில் நடக்கும்போது தலையணை வைக்கலாமா? (தேனி)

விரதக் காலத்தில் மெத்தை, தலையணை இல்லாமல் தரையில் பாய் விரித்துப் படுப்பதுதான் பழைய முறை. பல குருசாமிகள் இன்றும் அதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். மடித்த துண்டு வரைக்கும் சம்மதிப்பவர்களும் உண்டு. உங்கள் குருசாமி சொல்வதுதான் முடிவு, தலையணை விற்பவன் சொல்லக் கூடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். 41 நாள் வீட்டில் தலையணை இல்லாமல் படுத்திருந்தால் எருமேலி போகும்போது கழுத்து பழகியிருக்கும். கடைசி வாரம் மாலை போட்டுக் கிளம்புகிறவருக்குத்தான் வழியில் வலி.

ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரை நடக்கப் போகிறேன். ஒரு மாதத்துக்கு மேல். தலையணை எடுத்துப்போகட்டுமா? (சென்னை)

பிரெஞ்சுப் பாதை என்றால், பிரான்ஸ் எல்லையில் சான்-ஜான்-பியே-த-போரிலிருந்து சந்தியாகோ தே கொம்போஸ்தேலா வரை ஏறக்குறைய 780 கிலோமீட்டர். அங்கே மண்டபம் இல்லை. ஆல்பெர்கே என்ற யாத்திரீகர் விடுதிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் அடுக்குக் கட்டிலும் தலையணையும் உண்டு. மேலே போட, ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் காகிதம் மாதிரியான உறை கொடுப்பார்கள். காணிக்கையில் நடக்கும் சில இடங்களில் தரையில் பாய்தான். ஆகவே அங்கும் உங்களுக்கு வேண்டியது சொந்த உறை. தலையணை இருந்தால் அதன் மேல் மாட்டலாம், இல்லாவிட்டால் உள்ளே துணி அடைக்கலாம். அந்தப் பாதையில் மூட்டைப்பூச்சித் தொல்லை பேர்போனது. படுக்கும் முன் மெத்தைத் தையலோரத்தைப் பாருங்கள், பையைக் கட்டில் மேல் வைக்காதீர்கள். பையின் எடை உடம்பெடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று அங்கே நடப்பவர்கள் கணக்கு வைப்பார்கள். 60 கிலோ ஆளுக்கு ஆறு கிலோ. அதில் தலையணைக்கு 300 கிராம் கொடுப்பது எனக்கு மனசு வராத காரியம்.

உகந்தையிலிருந்து காட்டுப்பாதையால் கதிர்காமம் போகிறோம், அண்ணை. சுமை குறைய வேணும். என்ன செய்யலாம்? (மட்டக்களப்பு)

குமன, யால காடுகள் வழியே போகிறீர்கள். மணல் கிடைக்கும் இடத்தில் தலையணையே தேவையில்லை. விரிப்பை விரிக்கும் முன் தலை வரும் இடத்தில் மணலைக் கூட்டிக் கழுத்துக்கு மேடாகவும் தலைக்குச் சின்னக் குழியாகவும் தட்டிவிடுங்கள். இடுப்பு வரும் இடத்திலும் கொஞ்சம் தோண்டிக்கொண்டால் அதைவிடச் சுகம் வேறில்லை. உலர்ந்த மணலாக இருக்க வேண்டும், ஈர மணல் விடிவதற்குள் கல்லாகிவிடும். பழமோ, அரிசியோ, அவலோ வைத்த பையை மட்டும் தலைக்கு வைக்காதீர்கள். அது யானையும் கரடியும் உலவும் காடு. சாப்பாட்டு வாசனை உங்கள் தலைமாட்டில் இருக்க வேண்டாம்.

பஸ்ஸில் கழுத்தைச் சுற்றிப் போடுவார்களே, அந்தத் தலையணை?

பழனியிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது போட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்து தூங்கத்தான் அது.

இருப்பது ஒரு தலையணை. தலைக்கா, வீங்கிய காலுக்கா? (திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்)

இரண்டுக்கும், தம்பி. மண்டபத்துக்கு வந்து கால் கழுவியதும் தூங்கிவிடாதீர்கள். பையின் மேல் தலையணையைப் போட்டு, குதிகால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி அரை மணி நேரம் படுங்கள், வீக்கம் இறங்கும். அன்னதான வரிசையில் கூட்டம் குறையும்வரை காத்திருப்பதற்கும் அதுவே சரியான நேரம். அப்புறம் உறையைத் திருப்பிப் போட்டுத் தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கால் பட்ட பக்கம் எது என்று தெரிய ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் தைத்துவிட்டால் இருட்டிலும் தடவிக் கண்டுபிடிக்கலாம்.