ஆண் நாய்க்கு கார்டியன் வீடாக இருந்தால் வேலை குறைவுதானே?

கேள்வி கேட்டவர் ஏதோ ஒரு பிரீடரிடம் (நாய்களை இனவிருத்தி செய்பவரிடம்) பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். "பெட்டை என்றால் குட்டி போடணும், வாரக்கணக்கில் என்னிடம் இருக்கணும். ஆண் என்றால் எப்போதாவது ஒரு நாள் கூட்டிப்போய்த் திருப்பி விட்டுவிடுவேன், மற்றபடி அது உங்கள் நாய்தான்" என்றுதானே சொன்னார்? எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. கிராஸிங் (இனச்சேர்க்கை) நாளில் நமக்கு ஒரு வேலையும் கிடையாது. மீதி நாட்களைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

முதலில் ஒன்று. "நாயை வாடகைக்கு வளர்க்கிறீர்களா", "காப்பகத்தில் நாயே கிடைக்கவில்லையா" என்று கேட்க வருபவர்கள் தயவுசெய்து நகர்ந்துவிடுங்கள், அதையெல்லாம் எங்கள் சொந்தக்காரர்களே கேட்டு முடித்துவிட்டார்கள். நாய் நம் வீட்டில் வளரும், இனவிருத்தி உரிமை பிரீடருக்கு, ஓய்வு கொடுத்ததும் காயடித்து நம் பெயருக்கு மாற்றித் தருவார்கள். இதுதான் கார்டியன் வீடு என்கிற ஏற்பாடு, தெரிந்துதான் ஒத்துக்கொண்டோம்.

அதுவரை காயடிக்க முடியாது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் ஒரு பெட்டை சீசனுக்கு (இணைசேரும் பருவத்துக்கு) வந்தால் அந்த மூன்று வாரமும் உங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. ஊளையிடும், சாப்பாட்டைத் தொடாது, கதவைப் பிறாண்டும். விருந்தாளி பையைக் கீழே வைத்தால் அதன் மேல் காலைத் தூக்கும். இடுப்புப் பட்டை கட்டினால் தரை தப்பிக்கும், அவ்வளவுதான். இதெல்லாம் பழகிவிடும்.

பழகவே கூடாதது உடம்பைக் கவனிப்பது. காயடிக்காத நாயின் குறி நுனியில் மஞ்சளாகவோ லேசான பச்சையாகவோ பிசுபிசுப்பு இருப்பது பெரும்பாலும் சாதாரணம்தான், அதைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் ரத்தம் சாதாரணம் இல்லை. எங்கள் நாய்க்கு ஐந்து வயதாகும்போது அது படுத்து எழுந்த இடத்தில் ஒன்றிரண்டு சொட்டு ரத்தம் இருந்தது. காலில்தான் ஏதோ குத்திவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மருத்துவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, மலம் பட்டையாக வருகிறதா, முக்குகிறதா என்று. இரண்டும் இருந்தது. புராஸ்டேட் சுரப்பியில் வீக்கம். காயடிக்காத நாய்களுக்கு வயது ஏற ஏற மிகச் சாதாரணமாக வருவது, புற்றுநோய் எல்லாம் இல்லை, காயடித்தால் சுருங்கிவிடும் என்றார்.

சரி, செய்யுங்கள் என்று சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை! நாய் வலியில் முக்குகிறது, கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு ஊரில் இருக்கிறார். பிரீடரைக் கூப்பிட்டால், ஃபினாஸ்டரைடு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம், இன்னும் ஒரு கிராஸிங் பேசி வைத்திருக்கிறேன் என்கிறார். அந்த மாத்திரை வீக்கத்தைக் குறைக்கும் என்பது உண்மை, நிறுத்தினால் திரும்ப வரும் என்பதும் உண்மை. எங்களைக் காப்பாற்றியது, ஆரம்பத்தில் என் மனைவி பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்ன ஒரு வரி: உடல்நலக் காரணத்துக்காகக் கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தக் காலம் முடியாவிட்டாலும் காயடிக்கலாம். அன்றைக்கு நானே "இதெல்லாம் எதற்கு" என்று முகம் சுளித்தேன், அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை. கடைசியில் கொஞ்ச நாள் மாத்திரை, அதற்குள் விந்தைச் சேகரித்து உறைய வைத்துக்கொண்டார், அப்புறம் அறுவை. நாய் இப்போது நன்றாக இருக்கிறது. எல்லா பிரீடரும் இப்படி என்று நான் சொல்லவில்லை, எங்களவரும் கெட்டவர் இல்லை. ஆனால் பணம் பேசியாகிவிட்டால் யாருக்கும் கொஞ்சம் காது மந்தமாகிவிடுகிறது.

அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. காய்ச்சல் வந்தால் சொல்லு, ஸ்டீராய்டு கொடுத்தால் சொல்லு என்று அவர் நச்சரித்தது எரிச்சலாக இருந்தது. விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும் என்பதால் இன்றைய காய்ச்சலின் பாதிப்பு சில வாரம் கழித்துத்தான் தெரியும், அதனால்தான் கேட்கிறார். ஆக, சொல்லிவிடுங்கள். பதிலுக்கு நீங்களும் ஒன்று கேளுங்கள்: ஒவ்வொரு கிராஸிங்குக்கும் முன்னால் அந்தப் பெட்டைக்குப் புரூசெல்லா என்ற பாக்டீரியா தொற்று இருக்கிறதா என்ற பரிசோதனை முடிவு. இனச்சேர்க்கையில் பரவும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும், நாயிடம் முழுதாகக் குணமாக்குவது கடினம். நாய் திரும்பி வந்து படுக்கப்போவது உங்கள் வீட்டில், உங்கள் குழந்தை பக்கத்தில். கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம்.

இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது, வாரில்லாமல் நாயை அவிழ்த்துவிட்டு "எங்க நாய் ஒண்ணும் செய்யாது" என்று தூரத்திலிருந்து கத்துகிற ஆட்கள். அவர்கள் நாய் ஓடிவந்து என் நாயின் முகத்தில் ஏறும், என் நாய் ஒரு தடவை உறுமினால் போதும், அவர்கள் கண் நேராகப் பின்னங்காலுக்கு நடுவில் போகும். "ஓ, ஆபரேஷன் பண்ணலையா, அதான் இப்படி." உங்கள் கையில் வார் இல்லாததற்கு என் நாயின் விரை என்ன செய்யும்?

கேள்விக்கு வருகிறேன். வேலை குறைவுதான், எடுத்துக்கொள்ளுங்கள். காயடித்த பிறகும் சில வாரம் பெட்டையிடம் விடாதீர்கள், மிச்ச விந்தணு இருக்கும். காலைத் தூக்கும் பழக்கமும் மறுநாளே நின்றுவிடாது. நோய் வந்தால் முடிவு யாருடையது என்பதோடு செலவு யாருடையது என்பதையும் எழுதி வாங்குங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இனவிருத்தி தொடர்பான செலவு அவருக்கு, மற்றதெல்லாம் எங்களுக்கு என்று இருந்தது. புராஸ்டேட் எந்தக் கணக்கில் வரும் என்று இரண்டு பக்கமும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.