மருத்துவக் கடனில் கையெழுத்துப் போடுமுன்

பட்டர்வொர்த் அம்மாவுக்கு,

எஸ்பிஎம் எனும் மலேசியப் பள்ளி இறுதித் தேர்வில் உயிரியலில் தடுமாறிய மகன் ராப்பகலாகக் கணினிக்குள் இன்னொரு கணினியை உண்டாக்கி உடைத்துக்கொண்டிருக்கிறான், பெரியப்பா வீட்டாரோ மருத்துவம்தான் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் வீட்டை அடகு வைக்காதீர்கள். தனியார் மருத்துவப் படிப்புக்குப் பல லட்சம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும். 2016 இறுதியிலிருந்து அரசுப் பணிக்குப் புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கத் தொடங்கினார்கள். நிரந்தரப் பதவி தானாக வராது. கடன் பத்திரத்தில் பெரியப்பா பெயர் இருக்கப்போவதில்லை.

பையன் செய்வது வீண்வேலை இல்லை. வங்கி, மருத்துவமனை, பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஆலை எங்கும் சர்வர் எனும் ஒரே பெரிய கணினிக்குள் பல வர்ச்சுவல் மெஷின்கள், அதாவது அவன் உண்டாக்குவது போன்ற மென்பொருள் கணினிகள், ஓடுகின்றன. அவற்றைக் காப்பது தனித் தொழில். அவனுக்கு அதில் பிடிப்பு உண்டா என்று ஒரு சனிக்கிழமையில் தெரிந்துவிடும்.

வர்ச்சுவல் மெஷின் உண்டாக்கும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் இலவசம். அதில் 2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க் கொண்ட மெஷினில் டெபியன் எனும் இயங்குதளத்தை நிறுவட்டும். மெஷினை அணைத்து, அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்து, தேதியும் காரணமும் பெயராக வைக்கட்டும். பிறகு துணிந்து ஒரு முக்கியக் கோப்பை அழித்து, மெஷின் எழ மறுப்பதைப் பார்த்துவிட்டுப் அதை ஸ்னாப்ஷாட்டின் பழைய நிலைக்குத் திருப்பட்டும்.

அடுத்ததுதான் முக்கியம்: வட்டில் (டிஸ்க்கில்) என்ன நடந்தது என்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். ஸ்னாப்ஷாட் எடுத்ததும் மூல டிஸ்க் கோப்பு அப்படியே நிற்கும். புதிதாக எழுதுவதெல்லாம் வேறொரு கோப்பில் சேரும். அது வளர்ந்து வட்டை நிரப்பினால் மெஷினே நின்றுவிடும். அதனால்தான் வர்ச்சுவல் மெஷின் மென்பொருள் தரும் விஎம்வேர் ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது. 32 வரை அடுக்க முடிந்தாலும் இரண்டு மூன்றோடு நிறுத்தச் சொல்கிறது. ஸ்னாப்ஷாட்டை நீக்கினால் மாற்றங்கள் அழியாது, மூலத்தோடு இணைக்கப்படும். பெரிய கோப்பென்றால் மணிக்கணக்கில் ஆகும்; நடுவில் மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது. மூல வட்டு பழுதானால் ஸ்னாப்ஷாட்டும் உதவாது. எனவே அது பேக்கப், அதாவது தனியே வைக்கும் காப்புப் பிரதி, ஆகாது. வேலையில் சேர்ந்தவர்களே தடுக்கி விழும் இடம் இது.

இதை அவன் ஆர்வமாகச் சொன்னால் செபராங் பிறை பொலிடெக்னிக்கின் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவைப் பாருங்கள். தொழிற்பயிற்சியும் அதில் உண்டு. செமஸ்டர் கட்டணம் சில நூறு வெள்ளிதான். அரசுக் கல்லூரிகளில் சேர்வதற்கான யுபியு விண்ணப்பத்தை அவன் கையாலேயே நிரப்பட்டும். பெரியப்பாவிடம் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். அந்தச் சுமையைப் பையன்மேல் போடாதீர்கள்.