சண்டை வந்தால் கேரம் கிளப்புக்குப் போய்விடுகிறார்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். காதல் கல்யாணம், 3 வருடம் ஆகிறது. மாமனார், மாமியார், கொழுந்தனோடு ஒரே வீடு. கணவருக்கு மணலியில் ஷிப்டு வேலை. ஏதாவது மனக்குறையைச் சொன்னால் வாயே திறக்க மாட்டார். அழுத்திக் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு கேரம் கிளப்புக்குப் போய்விடுவார். ஒருநாள் இருபது தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. எல்லோரும் தூங்கின பிறகு வந்து படுத்தார். காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி டீ கேட்கிறார். என்மேல் பிரியம் போய்விட்டதா?

பதில்: அதை ஒரு கடிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வாயை மூடிக்கொள்கிறார் என்பதற்காக மட்டும் பிரியம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அந்த இருபது போனிலிருந்து தொடங்கலாம். அவரைக் கேட்டால், ‘அவள் விடாமல் கேட்கிறாள், அதனால் போகிறேன்’ என்பார். நீங்கள், ‘அவர் போய்விடுகிறார், அதனால்தான் கேட்கிறேன்’ என்பீர்கள். இரண்டும் நிஜம். ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் ஒதுங்குவது தம்பதிகளிடம் அடிக்கடி காணும் சுழற்சி. ‘ஆம்பளைங்களே அப்படித்தான்’ என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருப்பார். அது பாதிதான் சரி. அமெரிக்க உளவியலாளர்கள் கிறிஸ்டென்சனும் ஹீவியும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மனைவி மாற்றம் கேட்ட விஷயங்களில் மனைவி அழுத்துவதும் கணவர் நழுவுவதும் தெளிவாகத் தெரிந்தது. கணவர் மாற்றம் கேட்ட விஷயங்களில் அந்த வித்தியாசத்தைக் காணோம். மாற்றம் வேண்டியவர் பேசுகிறார், இருப்பது போதும் என்பவர் நழுவுகிறார்.

சரி, நழுவும்போது அவருக்குள் என்ன நடக்கிறது? வெளியே கல் மாதிரி இருப்பவரின் நெஞ்சு உள்ளே படபடத்துக்கொண்டிருக்கலாம். தம்பதிகளின் சண்டையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரே இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது என்கிறார். ஒரு சோதனையில், துடிப்பை அளக்கும் கருவி பழுது என்று பொய் சொல்லிச் சண்டையைப் பாதியில் நிறுத்தி, தம்பதிகளை அரை மணி நேரம் பத்திரிகை படிக்க வைத்தார்கள். திரும்பப் பேசியபோது துடிப்பு இறங்கியிருந்தது, பேச்சும் பக்குவமாக வந்தது. ஆக, எழுந்து போவது தப்பில்லை. எப்போது வருவேன் என்று சொல்லாமல் போவதுதான் தப்பு. போனை எடுக்காதபோது உங்களுக்கு வருவது கோபம் மட்டும் இல்லையே, ‘விட்டுட்டுப் போயிடுவாரோ’ என்ற பயமும்தானே?

நல்ல மூடில் இருக்கும் ஒருநாள் ஒரு ஒப்பந்தம் போடுங்கள். முடியவில்லை என்றால் அவர், ‘இப்ப வேணாம், ஒன்பது மணிக்குப் பேசலாம்’ என்று நேரம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். இருபது நிமிடமாவது இடைவெளி தேவை, ஆனால் மறுநாளைத் தாண்டக் கூடாது. போனவர் அவர் என்பதால் பேச்சைத் திரும்ப எடுக்க வேண்டியதும் அவர்தான். அதுவரை நீங்கள் ஒரு போன்கூட அடிக்கக் கூடாது. உங்கள் பங்குதான் கஷ்டமானது, தெரியும். கேரம் ஆடட்டும், உலக சாம்பியனையே தந்த வண்ணாரப்பேட்டைப் பக்கத்தில் கேரம் போர்டைக் குறை சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் அங்கே உட்கார்ந்து சிநேகிதர்களிடம் உங்கள் கதையை அளந்துகொண்டிருந்தால் சூடு இறங்காது.

இன்னொன்று, இடம். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அடுக்களையில் குசுகுசுவென்று சண்டை போடும்போது, ஹாலில் டிவி சத்தம் குறைவது அவருக்கும் கேட்கும். எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்வோம் என்பதாலேயே பலர் ஊமையாகிவிடுகிறார்கள். மெட்ரோ ஏறித் திருவொற்றியூர் தேரடியில் இறங்குங்கள், கோயிலில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பேசுங்கள். உன்னைப் பிரியமாட்டேன் என்று சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு ஆரூர் கிளம்பிய சுந்தரருக்குக் கண்பார்வை போன ஊர் அது. அந்தக் கதையை அன்றைக்கு அவருக்கு நினைவூட்ட வேண்டாம்!

நைட் ஷிப்டு முடிந்து வந்தவுடன் ஆரம்பிக்காதீர்கள். ‘நீ எப்பவுமே உங்க அம்மா பக்கம்தான்’ என்று எடுத்தால் அவர் கை அப்போதே சட்டையைத் தேடும். ‘ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குப் போகலாம்னு சொன்ன, போகல, எனக்குக் கஷ்டமா இருந்துச்சு’ என்றால் பதில் சொல்ல அவருக்கு வழி இருக்கிறது.

நான் சொன்னதெல்லாம் சண்டையில் திணறி ஒதுங்குபவருக்கு. உங்களைப் பணியவைக்க நாள்கணக்கில் பேசாமல் இருப்பது, செலவுக்குப் பணம் நிறுத்துவது, கை ஓங்குவது என்றால் ஒப்பந்தம் எல்லாம் வேண்டாம்; பெண்களுக்கான உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள். அப்படி இல்லை, ஆனால் பேச்சு நகரவே இல்லை என்றால் ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். அவர் வர மறுத்தால் முதல் தடவை நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள்.