ஐந்து தடங்கள், ஒரு பகல், தனி ஆள்: மவுண்டன் பைக் கேள்வி பதில்

பக்கத்தில் இருக்கும் ஐந்து மவுண்டன் பைக் தடங்களை ஒன்றோடொன்று கோத்து, ஒரே பகலில் தனியாக ஓட்டி முடித்தேன். மொத்தம் 68 கிலோமீட்டர், 1,900 மீட்டர் ஏற்றம். காலை 6 மணிக்குக் கிளம்பி மாலை 4.15-க்குத் திரும்பினேன். அதைச் சொன்னதும் பலர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே. பதினோரு வருடமாக இப்படி நீண்ட தூரம் ஓட்டிவருகிறேன். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, அந்த மாதிரி நாலஞ்சு தடம் எனக்கும் அத்துப்படி. தனித்தனியா நிறைய தடவை ஓட்டியிருக்கேன். சேர்த்து ஓட்ட அப்படி என்ன பெரிய திட்டம் வேணும்?

பதில்: தடம் தெரிந்திருப்பது பாதி வேலைதான் தம்பி. மீதிப் பாதி, ஒரு தடம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை இருக்கும் இணைப்பு. தண்ணீர் நிரப்புவது, சாப்பிடுவது, தொடரலாமா திரும்பலாமா என்று முடிவெடுப்பது எல்லாமே அங்கேதான் நடக்கும். அதனால் வரைபடத்தில் நான் முதலில் குறிப்பது தடங்களை அல்ல, இந்த நான்கு இணைப்புகளைத்தான். தண்ணீர் கிடைக்குமா, போன் சிக்னல் உண்டா, அங்கிருந்து வண்டி வரக்கூடிய சாலைக்கு எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்துக்கொள்வேன்.

ஒரு தடவை செயற்கைக்கோள் படத்தில் தெரிந்த ஒற்றையடிப் பாதையை நம்பி ஓர் இணைப்பைப் போட்டேன். நேரில் போனால் பூட்டிய கேட், அதற்கு அப்பால் முள்புதர். பைக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றி வந்ததில் ஐம்பது நிமிடம் போனது. அன்றைய ஓட்டமே அதோடு முடிந்தது. இப்போதெல்லாம் இணைப்புகளை மட்டும் ஒரு நாள் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிடுகிறேன். சைக்கிளுக்கு அனுமதி உண்டா, ஒருவழித் தடமா என்பதையும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்தத் தடத்தை முதலில் ஓட்டுவது? கஷ்டமானதையா, சுலபமானதையா?

பதில்: கஷ்டமானது இரண்டாவது. உடம்பு சூடேற ஒரு சுலபமான தடம், அது முடிந்ததும் பாறையும் வேரும் நிறைந்த தடம். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு முதலில் தளர்வது கால் அல்ல, கைப்பிடியும் கண்ணும்தான். அந்த நேரத்தில் செங்குத்து இறக்கத்தில் நிற்கக் கூடாது. கடைசித் தடம் உங்களுக்கு வளைவு வளைவாக மனப்பாடமானதாக இருக்கட்டும்.

முடிந்தால் மொத்தப் பாதையையும் ஒரே பெரிய வட்டமாக அமைக்காதீர்கள். பூவிதழ் போல, ஒவ்வொரு சுற்றும் நடுவில் ஒரே இடத்துக்கு வந்து போகட்டும். மாற்று டியூப், தண்ணீர், சாப்பாடு எல்லாம் அங்கே இருக்கும். ஒவ்வொரு முறை வரும்போதும் 'இத்தோடு போதும்' என்று தோன்றுமே என்பார்கள். தோன்றட்டும். தனியாகப் போகிறவருக்கு அந்த வாசல் திறந்தே இருப்பது நல்லது.

கேள்வி: எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்பே எப்படிக் கணக்குப் போட்டீர்கள்?

பதில்: ஐந்து தடங்களையும் தனித்தனியே ஓட்ட எனக்கு ஆகும் நேரத்தைக் கூட்டினால் 5 மணி 20 நிமிடம். களைப்புக்காக அதில் கால் பங்கு சேர்த்தால் 6 மணி 40 நிமிடம். இணைப்புகளுக்கு ஒன்றரை மணி நேரம், நான்கு நிறுத்தங்களுக்குப் பத்துப் பத்து நிமிடம், ஏதாவது பழுதானால் என்று அரை மணி. ஆக 9 மணி 20 நிமிடம். ஆனது 10 மணி 15 நிமிடம். பழுது எதுவும் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். கடைசி இரண்டு தடங்களில் நான் நினைத்ததைவிட அதிக ஏற்றங்களை நடந்தே ஏறினேன்.

அதனால்தான் கணக்கு எவ்வளவு காட்டினாலும், சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிவதாகத் திட்டமிடச் சொல்கிறேன். ஹெட்லைட்டும் பையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கெடு நேரம் வையுங்கள். என்னுடையது மூன்றாவது இணைப்புக்கு 12.30, நான்காவதற்கு 2.30. கெடு தாண்டினால் அடுத்த தடம் கிடையாது. அதை ஒரு டேப்பில் எழுதி பிரேமின் மேல் குழாயில் ஒட்டிவிடுவேன். களைத்த மூளை பேரம் பேசும். காலையில் தெளிவான தலையோடு எழுதியதோடு அதனால் பேரம் பேச முடியாது.

கேள்வி: டயர் பிரஷர் எவ்வளவு? நடுவில் தார்ச்சாலையும் வருகிறதே.

பதில்: என் எடை 72 கிலோ, டயர் 2.4 அங்குல டியூப்லெஸ். வழக்கமாக முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ. அன்று இரண்டிலும் 2 கூட்டினேன். காரணம் தார்ச்சாலை அல்ல. களைத்தவர் நல்ல கோடு பிடித்து ஓட்ட மாட்டார், கல்லில் நேராக ஏற்றிவிடுவார். ரிம்மைக் காப்பாற்ற அந்த 2 பிஎஸ்ஐ உதவும். இணைப்புக்கு இணைப்பு காற்றை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: ஹார்ட்டெயில் போதுமா, இல்லை புல் சஸ்பென்ஷன் வாங்கித்தான் ஆகணுமா?

பதில்: போதும். ஹார்ட்டெயிலில் முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், புல் சஸ்பென்ஷனில் பின்னாலும் உண்டு. என் முதல் ஆறு வருடமும் ஹார்ட்டெயிலில்தான்.

கேள்வி: சார், பையில் என்னென்ன கருவிகள் எடுத்துப் போகிறீர்கள்?

பதில்: டியூப்லெஸ் டயரின் ஓட்டையில் சொருகி அடைக்கும் பிளக், அது தோற்றால் ஒரு டியூப், கைப்பம்ப், செயின் கட்டர் உள்ள மல்டிடூல், செயின் அறுந்தால் இணைக்க, என் செயினுக்குப் பொருந்தும் இரண்டு குயிக் லிங்க், ஒரு ஜோடி பிரேக் பேட், சில ஜிப் டை. பம்பைச் சுற்றி ஒரு மீட்டர் டக்ட் டேப். பழைய டயரிலிருந்து வெட்டிய விரல் நீளத் துண்டு ஒன்று. டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் பிளக் நிற்காது. இந்தத் துண்டை உள்ளே வைத்து டியூப் போட்டால் வீடு வந்து சேரலாம்.

பலர் மறப்பது, செயினை நகர்த்தி கியர் மாற்றும் பின் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர். பைக் சாய்ந்து விழுந்தால் டெரெய்லர் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே வளையும்படி செய்த சின்ன உலோகத் துண்டு அது. 2019-இல் எஸ்ஆர்ஏஎம் என்ற சைக்கிள் பாக நிறுவனம் ஹேங்கருக்கு யுடிஎச் என்ற பொது வடிவத்தைக் கொண்டுவந்தது, புது பைக்குகள் பலவற்றில் அது இருக்கிறது. பழைய பிரேம்களில் மாடலுக்கு மாடல் வடிவம் மாறும். உங்களுடையது எது என்று இன்றைக்கே பாருங்கள். காட்டுக்குள் ஹேங்கர் உடைந்து மாற்றும் இல்லையென்றால், செயினைச் சுருக்கி ஒரே கியரில் ஓட்டலாம். ஹார்ட்டெயிலில் இது நன்றாக வேலை செய்யும். புல் சஸ்பென்ஷனில் பின்பக்கம் அமுங்கும்போது செயினுக்குத் தேவையான நீளம் மாறும் என்பதால் நழுவும், சில சமயம் அறுந்தும் போகும். மெதுவாக வர வேண்டும்.

கேள்வி: சாப்பாடு, தண்ணீர்?

பதில்: மணிக்கு 50 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும், அதை வைத்துக் கணக்கிடுங்கள். முதல் மணி நேரத்திலேயே தொடங்குங்கள். பசித்த பிறகு சாப்பிட்டால் உடம்பு பின்தங்கிவிடும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை, வெயிலையும் வேர்வையையும் பொறுத்து. வெறும் தண்ணீரைத் தாகத்துக்கு மேல் ஊற்றிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் குறையும், அதுவும் ஆபத்து. உப்புள்ள ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூணு மணி நேரத்துக்கு மேல ஓட்டினா எனக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகுது. விட்டுடலாமா?

பதில்: விட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். அந்த இரண்டு விரலுக்கும் போகும் அல்நார் நரம்பு, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிப்பகுதி வழியாகப் போகிறது. ஹேண்டில்பாரில் அங்கேதான் உங்கள் எடை இறங்குகிறது. சீட் முன்பக்கம் சரிந்திருக்கிறதா பாருங்கள். சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, கைதான் தாங்கும். பிரேக் லீவர் கோணத்தையும் பாருங்கள், மணிக்கட்டு மேல்நோக்கி மடியக் கூடாது. ஓட்டம் முடிந்தும் மரப்பு நாட்கணக்கில் இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: நீண்ட இறக்கத்தில் என் பிரேக் பிடிப்பு குறைகிறது. பழுதா?

பதில்: பெரும்பாலும் சூடு. லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, பிறகு முழுதாக விடுங்கள். டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும். இந்த விளையாட்டு பிறந்த காலத்திலிருந்தே உள்ள பிரச்சினை இது. கலிபோர்னியாவின் மரின் பகுதியில் 1976-இல் தொடங்கிய இறக்கப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் அந்தக் கால பிரேக் இறங்கி முடிப்பதற்குள் கொதித்து, சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பிலுள்ள கிரீஸ் புகைந்து தீரும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் வந்த பெயர்.

கேள்வி: நேற்று நல்ல மழை. நாளை ஓட்டலாமா?

பதில்: டயர் பதிந்து பள்ளம் விழும் அளவு ஈரம் இருந்தால் வேண்டாம். அந்தப் பள்ளம் அடுத்த மழையில் ஓடையாகி, தடத்தையே அரித்துவிடும்.

கேள்வி: தனியாகப் போகக் கூடாது என்று வீட்டில் ஒரே சண்டை. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அம்மாவின் பயம் நியாயமானது. வாயால் பதில் சொல்லாதீர்கள், ஏற்பாட்டால் சொல்லுங்கள். பாதையின் வரைபடத்தை அவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் செய்தி அனுப்புவேன் என்று சொல்லி அனுப்புங்கள். முக்கியமாக, இந்த நேரம் வரை தகவல் இல்லையென்றால் இன்னாரை அழையுங்கள் என்று ஒரு நேரமும் எண்ணும் எழுதிக் கொடுங்கள். பல நாடுகளில் 112 அவசர எண்ணாக இருக்கிறது, உங்கள் பகுதியில் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும். தடத்துக்குள் விமான நிலையில் வையுங்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் ஜிபிஎஸ் அப்போதும் வழி காட்டும். சிக்னலே இல்லாத மலைக்குள் அடிக்கடி போகிறவர் செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்று வாங்குவது வீண் செலவல்ல.

ஓட்டும் விதமும் மாற வேண்டும். நண்பர்களோடு நான் குதிக்கும் பாறைகள் இரண்டில் அன்று இறங்கி நடந்தேன். தலை அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும், ஓட்டம் அங்கேயே முடிந்தது. பக்கத்துச் சாலைக்கு நடந்து போய் ஆளைக் கூப்பிடுங்கள். ஹெல்மெட்டின் உள்நுரை ஒரு அடியைத்தான் தாங்கும், அதையும் மாற்றிவிடுங்கள். இவ்வளவையும் நீங்கள் செய்வதை அம்மா பார்த்தால், அடுத்த முறை சண்டை கொஞ்சமாவது குறையும்.

கேள்வி: ஐந்தாவது தடத்தை விட்டுவிடலாம் என்று தோன்றவே இல்லையா?

பதில்: இதற்கு முன் இரண்டு தடவை விட்டிருக்கிறேன். இரண்டு முறையும் நான்காவது இணைப்புக்கு வந்தபோது கெடு தாண்டியிருந்தது, சாலை வழியே வீடு திரும்பினேன். இந்த முறை அங்கே வந்தபோது மணி 2.16. பத்து நிமிடம் உட்கார்ந்தேன். கடைசி வாழைப்பழத்தைச் சாப்பிட்டு, நனைந்த கையுறையை மாற்றி, வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன். 2.26-க்கு ஐந்தாவதுக்குள் நுழைந்தேன்.