பார்லி விதைப் புரதத்தைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் உயிர்வேதியியலில் முதுகலை முடிக்கும் நேரம். பார்லி விதையில் இருக்கும் புரதங்களைப் பற்றி பிஎச்டி செய்ய ஆசைப்படுகிறாள். "ஒரு தானியத்துக்குள்ளேயே நாலஞ்சு வருஷம் போய்விட்டால், அப்புறம் யார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். பார்லி என்ற பெயரை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம். எந்த லேபில் சேர்கிறாள், அங்கே அவள் கைக்கு என்னென்ன வேலை பழகும் என்று பாருங்கள். என் பதில் முழுவதும் அதைச் சுற்றித்தான்.

பார்லி மணியில் பொதுவாக 8 முதல் 15 சதவீதம் வரை புரதம் இருக்கும். ரகம், மண், போட்ட உரம் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். அதில் பெரும்பங்கு ஹோர்டீன் என்ற சேமிப்புப் புரதம். முளைக்கும் நாற்றுக்காகச் செடி சேர்த்து வைக்கும் உணவு அது. வெறும் தண்ணீரில் கரையாது, ஆல்கஹால் கலந்த தண்ணீரில் கரையும். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்துக்கு நெருங்கிய சொந்தம் என்பதால், குளூட்டன் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்குப் பார்லியும் ஆகாது. மீதியில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் இருக்கின்றன, பூச்சியின் செரிமானத்தைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. இந்த இரண்டாவது வகையில் சில, மாவுத் தூசியில் வேலை செய்பவர்களுக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ஆக, ஒரே விதையில் உணவுத்துறை, மருத்துவம், விவசாயம் மூன்றுக்கும் வேலை இருக்கிறது.

இதில் பணம் புழங்கும் இடம் மால்ட். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். பீர், விஸ்கி, மால்ட் பானங்கள் எல்லாம் அதிலிருந்து வருபவை. புரதம் கூடினால் மாவுச்சத்து குறையும், பீரும் கலங்கும். ரொம்பக் குறைந்தால் நொதியும் போதாது, நுரையும் நிற்காது. அதனால் மால்ட் ஆலைக்காரர்கள் புரத அளவைப் பார்த்துவிட்டுத்தான் பார்லியை வாங்குவார்கள்.

1883-இல் கோபன்ஹேகனில் இருந்த கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் என்பவர் தானியத்தின் புரதத்தை அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார். மதுபான ஆலையின் தேவைக்காகப் பிறந்த அந்த முறை இன்றைக்குப் பால், இறைச்சி, கால்நடைத் தீவனம் என எல்லாவற்றின் பரிசோதனையிலும் இருக்கிறது. அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவுகோலை 1909-இல் சோரன்சன் கொண்டுவந்ததும் அதே ஆய்வகத்தில்தான். பார்லிக்காகக் கற்ற வித்தை பார்லியோடு நின்றுவிடாது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை.

அவளுடைய அன்றாட வேலை எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். விதையை நன்றாக அரைத்து, உப்புக் கரைசலில் ஒரு முறை, ஆல்கஹால் கரைசலில் ஒரு முறை என்று புரதங்களைப் பிரித்தெடுப்பாள். அதை ஜெல் என்ற கூழ் போன்ற தகட்டில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சினால், சிறிய புரதங்கள் வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் நகர்ந்து பிரியும். சாயம் ஏற்றியதும் நீலக் கோடுகள் தெரியும். அதில் ஒரு கோட்டை வெட்டியெடுத்து, டிரிப்சின் என்ற நொதியில் இரவு முழுக்க ஊறவைத்துத் துண்டாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கொடுத்தால் ஒவ்வொரு துண்டின் எடையும் கிடைக்கும். கணினியில் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் புரதத்தின் பெயரைக் கண்டுபிடிப்பார்கள். 2012-இல் பார்லியின் மரபணுத்தொகுப்பு வெளியான பிறகு இந்த ஒப்பீடு வெகுவாகச் சுலபமாகிவிட்டது.

இவ்வளவு செய்தும் சில நாள் முடிவில் கெரட்டின் என்று வரும். அது பார்லியில் இல்லாத புரதம். மனிதத் தோலிலும் முடியிலும் இருப்பது. கையுறை சரியாகப் போடாமல் ஜெல்லைத் தொட்டிருப்பாள், அவ்வளவுதான். மறுபடி விதை அரைப்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு நான் இந்தத் துறையைச் சொல்வதே இல்லை. உங்கள் மகளுக்கு அது உண்டா என்பதை அவளைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். புரதத்தைப் பிரித்து, அளந்து, அடையாளம் காணத் தெரிந்தவர்கள் மருந்து நிறுவனங்களுக்கும் நோயறிதல் கருவி செய்பவர்களுக்கும் உணவு ஒவ்வாமைப் பரிசோதனைக் கூடங்களுக்கும் தேவை. விதை நிறுவனங்களும் இவர்களை எடுக்கும். ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் ஹோர்டீன் மிகமிகக் குறைந்த பார்லியை வழக்கமான கலப்பு முறையிலேயே உருவாக்கினார்கள், அதில் காய்ச்சிய பீர் 2016-இல் ஜெர்மனியில் விற்பனைக்கும் வந்தது. பேராசிரியர் வேலை மட்டும்தான் வேண்டும் என்றால் கதை வேறு. அந்த இடங்கள் குறைவு, பிஎச்டிக்குப் பிறகும் தற்காலிக ஆய்வுப் பணிகளில் சில வருடங்கள் போகும். வீட்டின் பணநிலை அதைத் தாங்குமா என்று இப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள், பிறகு பேசினால் அவளுக்கு வலிக்கும்.

எந்த லேபாக இருந்தாலும், புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதுவதும் அவள் கற்றாக வேண்டும். கருவி ஒரு நாளில் தரும் தரவைப் புரிந்துகொள்ளப் பல வாரம் ஆகும், அதைச் செய்யத் தெரிந்தவர்களுக்குத்தான் வேலை சீக்கிரம் கிடைக்கிறது.

சேருவதற்கு முன் அவளே அங்கே கேட்க வேண்டிய சில கேள்விகள் உண்டு. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் மாணவர்களே உட்கார்ந்து வேலை செய்வார்களா, இல்லை மாதிரியை வெளியே அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பார்களா? அங்கே முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு உறுதி? இதை கைடிடம் மட்டும் கேட்காமல், அங்கே மூன்றாம் வருடம் படிக்கும் ஒருவரிடமும் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். பதில்கள் வந்ததும் எழுதுங்கள், சேரலாமா என்பதை அவற்றை வைத்துப் பேசுவோம்.