கர்ப்பகால போட்டோ ஷூட்: படங்கள் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம். மட்டக்களப்பு கல்லடி கடற்கரையிலும் வீட்டிலுமாக ஒரு போட்டோ ஷூட் செய்ய ஆசை. ஆனால் அந்தப் படங்கள் யாருடைய பேஸ்புக்கிலும் வருவதில் எனக்கும் கணவருக்கும் விருப்பமில்லை. பெண் கமராக்காரரைப் பிடித்தால் போதுமா?

பதில்: போதாது. கல்முனைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் சில வருடம் அல்பம் டிசைன் செய்தவள் நான். படம் எடுப்பவர் பெண்ணா ஆணா என்பதை எல்லோரும் கேட்பார்கள். எடுத்த படம் அதற்குப் பிறகு யார் யார் கைக்குப் போகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

கமராவில் இருந்து லப்டொப்புக்கு, அங்கிருந்து எடிட் செய்பவருக்கு, பிறகு அல்பம் டிசைன் செய்பவருக்கு, கடைசியில் அச்சடிக்கும் இடத்துக்கு. இதுதான் வழமையான பாதை. கலியாண மாதங்களில் வேலை குவிந்துவிட்டால் எடிட்டிங்கை வேறு ஊரில் இருக்கும் ஒரு பையனிடம் கொடுத்துவிடுவார்கள். பெண்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற குடும்பங்களின் படங்களும் இப்படிப் போவதுண்டு. கமராக்காரர் நல்லவராகவே இருக்கலாம். நீங்கள் கேட்காததால் அவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "அக்கா, எங்கட படங்களை பேஜ், ஸ்டோரி, ஸ்டேட்டஸ், ரீல்ஸ், கடையில் காட்டுற சாம்பிள் அல்பம் எதிலயும் போடக்கூடாது. எடிட்டிங் நீங்களே செய்வீங்களா, வெளியில குடுப்பீங்களா? அல்பம் தந்த பிறகு படங்களை எவ்வளவு காலம் வச்சிருப்பீங்க?" வாயால் பேசியது பிறகு நினைவில் நிற்காது, செய்தியும் பதிலும் போனில் கிடக்கும். "பேஜில் போட விட்டால் விலை குறைத்துத் தருகிறேன்" என்று சிலர் கேட்பார்கள். முழு விலையைக் கொடுத்துவிடுங்கள்.

சாம்பிள் அல்பத்தைச் சும்மா சேர்க்கவில்லை. பேஸ்புக்கில் போடாமல் இருந்துவிட்டு, கவுண்டரில் வருகிறவர்களுக்கெல்லாம் அதே படத்தைப் புரட்டிக் காட்டுவார்கள். மட்டக்களப்பு அளவு ஊரில் அதைப் பார்ப்பவர் உங்கள் ஒன்றுவிட்ட அக்காவாக இருக்க நிறைய வாய்ப்புண்டு.

இன்னொன்று, லைட் பிடிக்க வரும் தம்பி. இப்போதெல்லாம் ஷூட் நடப்பதையே போனில் வீடியோ எடுத்து ரீல்ஸ் போடுவது வழக்கமாகிவிட்டது. பெரிய கமராவில் எடுத்தது பத்திரமாக இருக்கும், தம்பியின் போனில் எடுத்தது அன்றிரவே ஊர் சுற்றும். உதவியாளர் போனில் எதுவும் எடுக்கக்கூடாது என்பதையும் அதே செய்தியில் எழுதுங்கள்.

"காசு கொடுத்தது நான், படம் என்னுடையது" என்று நினைக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, தன் கடை வைத்துத் தொழில் செய்பவர் எடுத்த படத்தின் பதிப்புரிமை, அவர் எழுத்தில் மாற்றித் தராதவரை, அவரிடமே இருக்கும். எழுத்தில் வாங்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கல்லடிக்கு மாலையில் போகாதீர்கள். கூட்டம் அப்போதுதான், எல்லோர் கையிலும் போன். நம் பக்கம் சூரியன் கடலில் இருந்துதானே எழும்புகிறது, வெளிச்சத்துக்கும் விடியற்காலைதான் நல்லது. உடை மாற்றுவதை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள், கூட ஒருவரைக் கூட்டிப் போங்கள். வீட்டில் எடுக்கும்போது வாகன இலக்கமும் வீட்டு இலக்கமும் படத்தில் விழாமல் பார்த்தால் சரி.

படங்களை கூகுள் டிரைவ் இணைப்பாகத் தந்தால், 'இணைப்பு உள்ள எவரும்' பார்க்கும்படி விடாமல் உங்கள் மின்னஞ்சலுக்கு மட்டும் திறக்கச் சொல்லுங்கள். இறக்கி எடுத்ததும் அந்தக் கோப்புறையை நீக்கச் சொல்லுங்கள். மெமரி கார்டில் 'டிலீட்' செய்த படங்களை, அவற்றின் மேல் புதுப் படங்கள் பதியும்வரை, மென்பொருளால் மீட்க முடியும். ஆகவே "அழித்துவிட்டேன்" என்ற சொல்லை முழுதாக நம்ப முடியாது. யாருக்குமே காட்ட முடியாத படம் என்றால் எடுக்காமல் விடுவதுதான் புத்தி.

அப்புறம் சொந்தக்காரர். நான் கண்ட வரைக்கும் ஸ்டூடியோவை விட இவர்களால்தான் படங்கள் அதிகம் வெளியே போகின்றன. அல்பத்தை மாமி போனில் படம் பிடித்து குடும்பக் குரூப்பில் போட்டால், விடியும்போது லண்டனிலும் டொரன்டோவிலும் பார்த்துவிட்டிருப்பார்கள். மாமியிடம் கணவரே சொல்லட்டும், நீங்கள் சொன்னால் வேறு கதையாகும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சாமத்திய வீடுகளை (பூப்புனித நீராட்டு விழாக்களை)ப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் படங்களைப் பெயரும் ஊரும் போட்டு ஸ்டூடியோ பக்கங்களில் ஏற்றுகிறார்கள், பெற்றோரும் 'லைக்' போடுகிறார்கள். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யார்?

மீறிப் போட்டுவிட்டால் முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், இணைப்பையும் சேமியுங்கள். பிறகுதான் கமராக்காரருக்கு போன் பண்ண வேண்டும். முதலே சொன்னால் ஆதாரத்தை அழித்துவிட்டு "போடவே இல்லையே" என்பார். அவர் படத்தை நீக்க மறுத்தால் பேஸ்புக்கிலேயே புகார் செய்யலாம், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் (Sri Lanka CERT) 101 இலக்கத்தை அழைக்கலாம், மிரட்டல் இருந்தால் நேரே பொலிஸ். அந்தரங்கப் படம் என்றால் 'ஸ்டொப்என்சிஐஐ' (StopNCII.org) என்ற இலவசத் தளம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை; உங்கள் போனிலேயே அதற்கு ஓர் அடையாளக் குறி உருவாக்கி அதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அந்தக் குறியை வைத்து அதே படம் ஏறாமல் தடுக்கின்றன. பிள்ளைகளின் படம் என்றால் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை.